குறை சொல்ல ஆள் தேவை

ஒரு நாடு முன்னேற வேண்டுமானால் அந்நாட்டு மக்கள் உட்காருகிற, பிடிக்கிற, திறக்கிற, மூடுகிற பொருட்கள் யாவும் செவ்வனே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பேருண்மை தொழிற்கல்வி அலுவலர் திரு. பாலுசாமி அவர்களுக்கு 1992ஆம் ஆண்டு புலப்பட்டது. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த இடத்தில், ஓட்டல் குளியலறைக் குழாயை எப்படித் திறப்பது என்று தெரியாமல் பயிற்சி முடியும்வரை அவர் குளிக்காமலே இருந்தபோது புலப்பட்டது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் குளித்தார். இரண்டாவது வேலையாக, கோயமுத்தூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 'பொருள் வடிவமைப்பு' என்னும் பாடப்பிரிவைத் தொடங்கி வைத்தார்.

பாடம் வந்துவிட்டது. நடத்த ஆள் வரவில்லை. தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த வெங்கடலட்சுமி டீச்சரைக் கூப்பிட்டு, "கத்திரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ரம்பம் பிடிக்கறதா கஷ்டமுங்க?" என்று கேட்டார்கள். கஷ்டம்தான் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. ஆகவே அவர் அன்றிலிருந்து வடிவமைப்புத் துறை வல்லுநர் ஆனார்.

பள்ளிக்கூட வாசலில் ஓர் அறிவிப்பும் ஒட்டப்பட்டது. 'இப்பாடம் பயிலும் மாணவியர் பெருந்தொழிற்சாலைகளில் வடிவமைப்பாளராகவும், ஆராய்ச்சிக் கூடங்களில் ஆலோசகராகவும், அயல்நாடுகளில் நிபுணராகவும் பணியாற்றலாம். மேற்கண்டவை அமையாத பட்சத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கலாம்.' கடைசி வரி மட்டும் டீச்சர் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்தது.

அந்த வருஷம் ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. மாடி என்று ஒன்று இருந்த கட்டடத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைக்காதவர்கள் அழுதுகொண்டே இந்தப் பிரிவுக்கு வந்தார்கள். அழாமல் வந்தவள் ஒருத்திதான், ஃபஹீமா. உக்கடத்தில் மரக்கடை வைத்திருந்த ஜபருல்லாவின் மகள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கண் சும்மா இருக்காது. ரேஷன் கடை வரிசையில் யார் எந்தக் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு அவளுக்கு வந்த தலைப்பு, 'அரசு அலுவலகங்களில் காத்திருக்கும் பொதுமக்களுக்கு ஓர் இருக்கை.' ஃபஹீமா நல்ல நாற்காலி ஒன்று செய்தாள். அத்தாவின் கடை மரம்; வடிவம் அவளுடையது. மனுவும் மஞ்சப்பையும் வைக்க அடியில் ஒரு தட்டு. குடையை மாட்ட ஒரு கொக்கி. மதியத்துக்கு மேல் தூக்கம் வந்தால் தலை சாய்க்க ஏதுவாக உயர்ந்த முதுகு. செய்து முடித்து, துணியால் துடைத்து, ஒரு முறை சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்கே பிடித்திருந்தது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. பாலுசாமி அவர்கள் வெளிநாட்டில் படித்ததை எல்லாம் விதிகளாக மாற்றியிருந்தார். அவற்றில் நாலாவது விதி இப்படிச் சொன்னது: 'குறையில்லாத பொருள் உலகில் இல்லை. எனவே ரத்த உறவு அல்லாத பயனாளி ஒருவர், பொருளைப் பயன்படுத்திப் பார்த்து, அதில் உள்ள குறையைக் கூற வேண்டும். தேர்வு நாளன்று நேரில் வந்து தேர்வாளர் முன்னிலையிலும் கூற வேண்டும். குறை கூறப்படாத பொருளுக்கு மதிப்பெண் இல்லை.'

பாலுசாமி போன நாட்டில் இது சுலபம். அங்கே காப்பியில் சூடு குறைந்தாலும் சொல்வார்கள், கூடினாலும் சொல்வார்கள். கோயமுத்தூரில் என்ன செய்வது?

ஃபஹீமா முதலில் எதிர்வீட்டு ஆமினா பீவியை உட்கார வைத்தாள்.

"எப்படி இருக்குதுங்க?"

"அருமையா இருக்குது கண்ணு. ராசாத்தி மாதிரி உக்காந்திருக்கேன்."

"ஏதாச்சும் ஒரு குறை சொல்லுங்களேன்."

ஆமினா பீவி எழுந்துவிட்டார். நேராக ஃபஹீமாவின் அம்மாவிடம் போனார். "ஏனுங்க, நமக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா? பொண்ணு என்னைக் குறை சொல்லச் சொல்லுதுங்க. நான் எப்பவாச்சும் உங்களைப் பத்தி வெளிய பேசியிருக்கேனுங்களா?" அம்மா சமாதானம் சொல்லி, டீ கொடுத்து, ஒரு டப்பா பிஸ்கட்டும் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்தத் தெருவில் நாற்காலியில் உட்காராதவர் இல்லை என்று ஆயிற்று. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஒருவர் பெண்ணுக்குச் சீர் கொடுக்க இதே மாதிரி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"டீச்சர், யாருமே குறை சொல்லமாட்டேங்கறாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அம்மணி. கொஞ்சம் மோசமாச் செஞ்சு பாரு. மோசமா இருந்தாச் சொல்லித்தானே ஆகோணும்?"

ஃபஹீமாவுக்கு இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. போத்தனூர் உம்மல் குல்சும் மாமி தன் மகன் உவைஸுக்கு அவளைக் கேட்டு வந்திருந்தார். அத்தாவுக்கு இஷ்டம் இல்லை. ஆனால் வீடு தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லும் வழக்கமும் இல்லை. "பொண்ணு பரிச்சை பாஸானா டிப்ளமோ படிக்கோணுங்கறாளுங்க. பாஸாகலீன்னா பாக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தார். மாமி அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பந்தல்காரரிடம் தேதி கேட்டுவிட்டார். ஆக, யாராவது ஒருவர் நாற்காலியைக் குறை சொன்னால் ஃபஹீமா பாலிடெக்னிக் போவாள். சொல்லாவிட்டால் போத்தனூர் போவாள்.

வீட்டுக்கு வந்து ரம்பத்தை எடுத்தாள். நாற்காலியின் ஒரு காலில் ஒரு விரல் அகலம் அறுத்து எறிந்தாள். தான் பெற்றதைத் தானே கிள்ளுவதுபோல் இருந்தது.

நாற்காலி இப்போது ஆடியது. அதைத் தாலுகா அலுவலகத் தாழ்வாரத்தில் வைத்தாள். அனுமதி வாங்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி, "இதுல உக்காந்தா மனு சீக்கிரம் நகருமுங்களா?" என்று கவலையோடு விசாரித்தார். நகராது என்று உறுதி சொன்னபின் கையெழுத்துப் போட்டார்.

முதலில் உட்கார்ந்தவர் சத்தியமங்கலம் பக்கத்து விவசாயி. இங்கே வாங்கிய ஒரு காலி மனைக்குப் பட்டா மாற்ற வந்திருந்தார். உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. ஃபஹீமா தூணுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தாள்.

"ஆடுதுங்களா?"

"ஆடுதுங்."

"அப்ப அது குறைதானுங்க?"

"அட, அதெப்படி அம்மணி குறையாகும்? ஆடாம இருந்தாத் தூங்கிப்போடுவனுங்க. தூங்கினா எம் பேரைக் கூப்பிடறது காதுல விழாது. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க." அப்புறம் கையிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தார். "இப்ப இன்னும் அருமைங்க."

அடுத்த வாரம் ஃபஹீமா முதுகுச் சாய்வை முன்பக்கமாக வளைத்தாள். உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஏதோ பெரியவருக்குக் கும்பிடு போடுவதுபோல் குனிந்து இருந்தார்கள். "ஆபீஸ்ல இப்படி உக்காந்தாத்தானுங்க மரியாதை" என்றார்கள். தாலுகா அலுவலகத்தாருக்கும் அது மிகவும் பிடித்துவிட்டது.

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, உட்காரும் பலகையில் ஓர் ஆணியை அரைகுறையாக அடித்துவைத்தாள். ஓர் அம்மாள் எழுந்தபோது சேலை டர்ரென்று கிழிந்தது. ஃபஹீமா கை இரண்டையும் கூப்பிக்கொண்டு போனாள். "திட்டுங்க. தயவுசெஞ்சு திட்டுங்க."

அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டார். "எதுக்குக் கண்ணு திட்டறது? இந்தச் சீலையை மாத்தோணும்னு நானே நெனச்சுட்டு இருந்தேன். ஊட்டுக்காரரு வாங்கித் தரமாட்டேன்னாரு. இப்ப வாங்கித்தானே ஆகோணும்?"

வகுப்பில் மற்றவர்கள் நிலைமையும் இதுதான். குடை வைக்கிற ஸ்டாண்டு செய்த சாய்ப்ரியாவின் அப்பா லட்சுமணசாமி, பீளமேட்டில் கிரைண்டர் கம்பெனி வைத்திருந்தார். தன் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி, "எம் பொண்ணு செஞ்ச பொருள்ல ஆளுக்கொரு குறை சொல்லுங்கப்பா" என்று உத்தரவே போட்டார். தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யூனியன்காரர் முன்னால் வந்து, "முதலாளி, ஆள் குறைப்புன்னா நேராவே சொல்லிப்போடுங்க" என்றார்.

சாய்ப்ரியாவுக்குத்தான் கடைசியில் வழி தோன்றியது. அவளுடைய பம்பாய் அண்ணி!

அண்ணன் பம்பாயில் கல்யாணம் செய்து, ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குப் புதிதாகக் கூட்டிவந்திருந்த அண்ணி அவர். பெயர் தேஜா; பம்பாயிலேயே வளர்ந்த தமிழ்ப்பெண். வந்த அன்றே சாம்பாரில் உப்பு இல்லை என்று மாமியார் முகத்துக்கு நேராகச் சொல்லி, ஆர்.எஸ்.புரத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்த ஆளாகிவிட்டார். குடை ஸ்டாண்டைப் பார்த்ததும், "என்ன கலர் இது, கண்றாவி! குடை வெச்சா விழுந்துடும். இதை யாரு வாங்குவா?" என்றார். சாய்ப்ரியாவுக்கு ஆனந்தத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

செய்தி பரவியது. சாயங்காலமானால் ஆர்.எஸ்.புரம் வீட்டு வாசலில் அண்ணிக்காக மாணவிகள் வரிசை நின்றது. சோப்பு டப்பா, துணி மாட்டும் கொடி, பேனா ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, அண்ணி ஒவ்வொன்றையும் வாய் நிறையத் திட்டி அனுப்பினார். திட்டு வாங்கியவர்கள் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள்.

ஃபஹீமா கூச்சப்பட்டுக்கொண்டு வரிசையில் கடைசியாகவே நின்றாள். ஒவ்வொரு நாளும் அவள் முறை வருவதற்குள் விளக்கு வைத்துவிடும். நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவாள். ஒருவழியாக அவள் முறை வந்தபோது அண்ணிக்குக் கோயமுத்தூர் வந்து மாதங்கள் ஓடியிருந்தன. ஊர் குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் அவரிடமும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

அண்ணி உட்கார்ந்தார். நாற்காலி சாய்ந்தது. முதுகு வளைந்தது. ஆணி குத்தியது. முகம் ஒரு கணம் பம்பாய்க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"பரவால்லைங்க" என்றார் அண்ணி. "நல்லாத்தான் இருக்குதுங்க."

ஃபஹீமா அன்று இரவு சாப்பிடவில்லை.

தேர்வு நாள் வந்தது. புறத்தேர்வாளராகப் பாலுசாமி அவர்களே வந்தார். அவர் தொடங்கிவைத்த பாடத்தின் முதல் தேர்வு. முடிவைச் சென்னையில் மேலதிகாரிகள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சியாகப் பம்பாய் அண்ணியும் பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் குடை ஸ்டாண்டுல குறை சொன்னது நீங்கதானுங்களா?" என்றார் பாலுசாமி.

அண்ணி சாய்ப்ரியாவைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பெரிய அதிகாரி முன்னால் நாத்தனாரைக் குறை சொல்வதா? "அய்யோ, நான் எப்பங்க சொன்னேன்? எங்க பாப்பா செஞ்சதுல குறை இருக்குமுங்களா?"

"சோப்பு டப்பா?"

"அருமைங்க."

"பேனா ஸ்டாண்டு?"

"அதுக்கென்னங்க, தங்கமாட்டம் இருக்குதுங்க."

மொத்த வகுப்பும் சோப்பு நுரைபோல் அமுங்கிப்போனது. பாலுசாமிக்கு வேர்த்தது. குறை இல்லாத பொருளுக்கு மதிப்பெண் இல்லை. ஒருவருக்கும் மதிப்பெண் இல்லையென்றால் பாடம் இல்லை. பாடம் இல்லையென்றால் வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கணக்குக் கேட்பார்கள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அது ஃபஹீமாவின் நாற்காலி.

பெரிய சத்தம் ஒன்று கேட்டது. தொழிற்கல்வி அலுவலர் தரையில் இருந்தார். அவருடைய பேன்ட்டில் ஒரு பகுதி ஆணியில் இருந்தது.

ஃபஹீமா ஓர் அடி முன்னால் வந்தாள். குறை! இதோ ஒரு மனிதர், ரத்த உறவு அல்லாத பயனாளி, நேரிலேயே இருக்கிறார், தேர்வாளரும் அவரேதான். டீச்சர் பேனாவைத் திறந்து தயாராக நீட்டினார்.

பாலுசாமி எழுந்தார். அவருக்கும் சொந்த ஊர் இதே கொங்கு நாட்டுக் கோபி. கைக்குட்டையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு, "பரவால்லீங்க டீச்சர்" என்றார். "தரை கொஞ்சம் வழுக்குதுங்க."

ஃபஹீமா தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவரை மறுத்துப் பேசினாள். "சார், தரை இல்லீங்க சார். நாற்காலிதான் சார். ஒரு கால் குட்டைங்க. முதுகு கோணலுங்க. ஆணி துருத்திட்டு இருக்குதுங்க. நானேதான் அடிச்சேன் சார். நீங்க விழுந்தீங்கன்னு எழுதுங்க சார்."

"அப்படி எழுத முடியாது அம்மணி. தேர்வு நடத்தத்தான் எனக்கு உத்தரவு. விழறதுக்கு உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாம விழுந்தேன்னு எழுதினா என்னைத்தான் விளக்கம் கேப்பாங்க."

"அப்ப நான் சொன்னதையாச்சும் எழுதிக்குங்க சார்."

"நீ பயனாளி இல்லை, வடிவமைப்பாளர். வடிவமைப்பாளர் தன் பொருளைத் தானே குறை சொல்றதுக்கு விதியில இடமில்லை."

"அப்ப நான் உக்காந்து பயனாளி ஆயிடறேனுங்க."

"தேர்வெழுதறவங்க தேர்வாளர் முன்னால உக்காரக் கூடாது. அதுவும் விதி."

சொல்லிக்கொண்டே இருந்த பாலுசாமி சட்டென்று நிறுத்தினார். அவர் முகத்தில், வெளிநாட்டுக் குளியலறையில் தோன்றிய அதே ஒளி தோன்றியது.

"இதை எத்தனை பேர் உக்காந்து பார்த்தாங்க?"

"தாலுகா ஆபீசுக்கு வந்த அத்தனை பேரும் சார்."

"ஒருத்தரும் குறை சொல்லலை?"

"இல்லீங்க."

"அப்படீன்னா," என்றார் பாலுசாமி, "உலகத்துலயே குறையில்லாத முதல் பொருள் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுல செய்யப்பட்டிருக்குது!"

அன்றே நாலாவது விதி திருத்தப்பட்டது. குறை கூறப்படாத பொருளுக்கு முழு மதிப்பெண். வகுப்பே தேறியது. ஃபஹீமாவின் சான்றிதழில் 'இவரது படைப்பு குறையற்றது' என்று தனியாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. அத்தா அதைப் போத்தனூர் மாமியிடம் மரியாதையாகக் காட்டினார். மாமி இரண்டு முறை படித்தார். மருமகளிடம் குறை கண்டுபிடிக்க முடியாத வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை? "சந்தோஷமுங்க. பையனுக்கும் இன்னும் வயசு இருக்குதுங்க, பொறுத்துப் பாக்கலாமுங்க" என்றார். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் புகழ்ந்தபடியே பிரிந்தார்கள்.

ஃபஹீமா டிப்ளமோ முடிப்பதற்குள் அவள் நாற்காலி ஊர் ஊராகப் போய்விட்டது. அரசு அலுவலகங்கள் அனைத்துக்கும் அதுவே மாதிரி என்று உத்தரவானது. லட்சுமணசாமியின் கம்பெனி செய்து கொடுத்தது. அச்சு மாறாமல் செய்தார்கள். குட்டைக் கால், கும்பிடு போடும் முதுகு, அரைகுறை ஆணி. நாற்காலியின் கோப்பில் சத்தியமங்கலத்துக்காரர் வைத்த செய்தித்தாளும் ஒரு பாகமாக எழுதப்பட்டிருந்ததால், 'நான்காக மடித்த செய்தித்தாள், நாற்காலிக்கு ஒன்று வீதம்' என்று அதற்குத் தனியாக டெண்டர் விடப்பட்டது; தாள்தான் இன்னும் வந்து சேரவில்லை. நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். சாதிச் சான்றிதழுக்கோ, மின் இணைப்புக்கோ போனபோது. ஆடியிருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றிச் சமாளித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதானே.

பள்ளி அறிவிப்புப் பலகை பொய் சொல்லவில்லை. ஃபஹீமாவுக்குப் பாலுசாமியின் துறையிலேயே உதவி வடிவமைப்பாளர் வேலை கிடைத்தது. குறையற்ற பொருளில் மாற்றம் எதுவும் நேராமல் பாதுகாப்பதே பணி. இணை இயக்குநராகிவிட்ட பாலுசாமியிடம் அவள் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "புகார் வந்திருக்குதுங்களா? வரட்டும், மாத்திப்போடலாம்." புகார் வரவில்லை.

ஒருநாள் அவரைப் பார்க்க அறை வாசலில் காத்திருந்தபோது, ஃபஹீமா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சாய்ந்தது. ஆணி துப்பட்டாவைப் பிடித்தது. அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. இப்போது அவள் தேர்வெழுதுகிறவள் இல்லை. காத்திருக்கிறவள். பயனாளி! பயனாளி குறை சொல்லலாம்.

பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தாள். எல்லாவற்றையும் எழுதினாள். கால், முதுகு, ஆணி, ஒன்றுகூட விடவில்லை. கீழே கையெழுத்தும் போட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியைப் பற்றி எழுதப்பட்ட முதல் புகார்.

கதவு திறந்தது. பாலுசாமி வெளியே வந்தார். வயதாகிவிட்டிருந்தது, தலை நரைத்திருந்தது, முகம் நிறையச் சிரிப்பு.

"அடடா, ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களா அம்மணி? கவனிக்கலீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. நாற்காலி சௌகரியமா இருக்குதுங்களா?"

ஃபஹீமா எழுந்து நின்றாள்.

"அருமையா இருக்குதுங்க சார்" என்றாள்.

அவர் மறுபடி உள்ளே போனதும், கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள். குனிந்து, குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆடவில்லை.